வெளிநாட்டு வெள்ளி நாணயச் சேகரிப்பு (சோழமண்டலக் கரை)

வெளிநாட்டு வெள்ளி நாணயச் சேகரிப்பு என்பது பிற நாடுகளில் புழங்கிய வெள்ளிக் காசுகளைத் தேடித் தொகுத்து, அடையாளம் கண்டு, பதிவு செய்து பாதுகாக்கும் பொழுதுபோக்கு ஆகும். முறையாகச் செய்யப்படும்போது இது நாணயவியல் ஆய்வுக்கும் துணைபுரிகிறது. கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, புதுச்சேரி, தரங்கம்பாடி ஆகிய துறைமுகங்களைக் கொண்ட சோழமண்டலக் கரைக்கும் வெளிநாட்டு வெள்ளிக்கும் நீண்ட தொடர்பு உண்டு. ஆனால் இக்கரையில் இறங்கிய வெள்ளியில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது. ஆகையால் எஞ்சியுள்ள ஒரு காசு எங்கிருந்து கிடைத்தது என்ற குறிப்பு, அக்காசைப் போலவே மதிப்புடையதாகிறது.

வரலாறு

தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியரும், புதுச்சேரியில் 1674 முதல் பிரெஞ்சுக்காரரும் வணிகம் செய்தனர். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டது. பரங்கிப்பேட்டையில் போர்த்துக்கேயரும் டச்சுக்காரரும் வணிகம் செய்தனர்.

இவர்கள் அனைவரும் நாடி வந்த முதன்மைப் பொருள் பருத்தித் துணி ஆகும். அதற்கு ஈடாக இங்கு விற்கத்தக்க ஐரோப்பியச் சரக்கு குறைவாகவே இருந்ததால், கப்பல்களில் வெள்ளி கொண்டுவரப்பட்டது. அவ்வெள்ளியில் பெரும்பகுதி ஸ்பானிய ஆட்சியில் இருந்த மெக்சிகோவிலும், இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசியிலும் வெட்டி எடுக்கப்பட்டது. எட்டு ரியால் மதிப்புடையதும் ஏறத்தாழ 27 கிராம் எடையுள்ளதுமான ஸ்பானிய டாலர் அக்காலத்தில் உலகெங்கும் ஏற்கப்பட்ட காசாக விளங்கியது.

உருக்கப்பட்ட வெள்ளி

தமிழகத்தின் அன்றாடப் புழக்கத்தில் அப்போது முதன்மையாக இருந்தவை பொன் வராகன், பணம், செப்புக் காசு ஆகியவையே. வெளிநாட்டு வெள்ளிக் காசு பெரும்பாலும் எடைக்கு மதிப்பிடப்படும் உலோகமாகவே கருதப்பட்டது. 1736-இல் ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலி கானிடமிருந்து ரூபாய் அச்சிடும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் பெற்றனர். இதன் பின்னர் கப்பலில் வந்த வெள்ளி, புதுச்சேரி நாணயச் சாலையில் பிறைக் குறியுடைய ஆற்காட்டு ரூபாயாக மாறியது. 1818-இல் சென்னை மாகாணம் வராகனைக் கைவிட்டு வெள்ளி ரூபாயை அடிப்படை நாணயமாக ஏற்றது.

இம்மாற்றத்தின் தடயத்தைத் தாங்கிய காசுகளும் உள்ளன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நாணயச் சாலை கோபுர உருவம் பொறித்த அரை வராகன் வெள்ளிக் காசுகளை வெளியிட்டது. இவற்றில் தமிழ், தெலுங்கு எழுத்துகளும் இடம்பெற்றன. இக்காசுகளுள் பல, ஸ்பானிய டாலரை உருக்காமல் அதன் மீதே புதிய அச்சைப் பதித்து உருவாக்கப்பட்டவை. சிலவற்றில் கோபுரத்தைச் சுற்றிப் பழைய ஸ்பானிய எழுத்துகளின் மங்கிய சுவடுகளை இன்றும் காணலாம்.

தொடக்கநிலைக்கு ஏற்ற காசுகள்

அரை வராகனும் பழைய ஸ்பானிய டாலரும் விலை மிகுந்தவை. இவ்வட்டாரத்தின் வரலாற்றோடு தொடர்புடைய பிற்காலக் காசுகளிலிருந்து தொடங்குவது எளிது. தமிழர் தொழிலுக்கும் வணிகத்துக்கும் சென்ற நாடுகளின் காசுகள் இவற்றுள் முக்கியமானவை.

* இலங்கை 50 சதம்: 1892 முதல் வெள்ளியில் வெளிவந்தது. தொடக்ககாலக் காசுகள் 5.83 கிராம் எடையும் 80% வெள்ளியும் கொண்டவை. தாளிப்பனை மரத்தின் இருபுறமும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு பொறிக்கப்பட்டுள்ளது.
* பிரித்தானிய வணிக டாலர்: 1895 முதல் 1935 வரையிலான ஆண்டுகளைத் தாங்கியது, 26.95 கிராம், 90% வெள்ளி. சீனத்திலும் மலாய் நாட்டிலும் புழங்கிய போதிலும், பெரும்பாலானவை மும்பையில் அச்சிடப்பட்டவை.
* நீரிணைக் குடியேற்ற டாலர்: 1903-இல் அறிமுகமானது, 26.95 கிராம். 1907 முதல் எடை குறைக்கப்பட்டது. பினாங்கும் சிங்கப்பூரும் சென்று திரும்பியோர் வழியாகத் தமிழகக் குடும்பங்களுக்கு வந்திருக்கக்கூடிய காசு இது.
* இந்தோசீன பியாஸ்தர்: 1885 முதல் 1928 வரை வெளிவந்தது. புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் சைகோனில் பணியாற்றினர். 1895-க்குப் பிந்தைய காசுகளில் 27 கிராம் எடை, 0.900 தரம் ஆகிய இரண்டும் காசின் மீதே பொறிக்கப்பட்டுள்ளதால் சரிபார்ப்பது எளிது.
* மரியா தெரசா தாலர்: 28.07 கிராம், 83.3% வெள்ளி. எப்போது அச்சிடப்பட்டாலும் 1780 என்ற ஆண்டையே தாங்கும். இரண்டாம் உலகப் போரின்போது மும்பையிலும் அச்சிடப்பட்டது.

போலிகளை அறிதல்

டாலர் அளவுள்ள பெரிய வெள்ளிக் காசுகளில் போலிகள் மிகுதி. காந்தம் ஈர்த்தால் காசு போலி எனக் கொள்ளலாம். ஆனால் ஈர்க்காத அனைத்தும் வெள்ளி ஆகிவிடாது. முதலில் எடையையும் விட்டத்தையும் அளந்து நூல்களில் தரப்பட்டுள்ள அளவுகளோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்த சோதனை ஒப்படர்த்தி ஆகும். 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசின் மீது நீர் நிறைந்த குவளையை வைத்து, அளவைச் சுழியாக்க வேண்டும். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் நீரில் அமிழ்த்தினால் தராசு ஓர் அளவைக் காட்டும். காசின் எடையை அவ்வளவால் வகுக்கக் கிடைப்பது ஒப்படர்த்தி. 90% வெள்ளியுள்ள காசுக்கு இது ஏறத்தாழ 10.3 ஆகும். அதாவது 27 கிராம் பியாஸ்தர் சுமார் 2.62 கிராம் காட்ட வேண்டும். செம்பு-நிக்கல் கலவையில் செய்த போலி அதே எடையில் 3.03 கிராம் அளவு காட்டும். உண்மையான வெள்ளியில் வார்க்கப்பட்ட போலிகளை இச்சோதனை காட்டிக்கொடுக்காது. அவற்றை எழுத்துகளின் கூர்மை, விளிம்பு வேலைப்பாடு ஆகியவற்றைக் கொண்டே அறிய இயலும்.

பாதுகாத்தல்

வெள்ளி கருப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் ஆகும். வெள்ளிப் பாத்திரங்களைத் துலக்குவது போல விபூதியாலோ புளியாலோ காசைத் தேய்த்தால் அதன் மேற்பரப்பு நிலையாகச் சிதையும். சேகரிப்பு மதிப்பும் குறையும். பி.வி.சி. நெகிழி உறைகள் நாளடைவில் காசின் மீது பச்சை நிறப் பிசுக்கை ஏற்படுத்தும். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் மிகுதியாதலால், மூடிய பெட்டியில் சிலிக்காக் களிமம் இட்டு வைப்பது நன்று.

சட்டம்

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, நிலத்தில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள நாணயங்கள் தொல்பொருள்களுள் அடங்கும். இவற்றைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப இயலாது. வணிகமாக விற்கவும் உரிமம் தேவை.

பதிவேடு

ஒவ்வொரு காசுக்கும் எடை, விட்டம், ஆண்டு, அச்சகக் குறி, வாங்கிய நாள், விலை ஆகியவற்றுடன், அது எந்த ஊரில், எவ்வழியாகக் கிடைத்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021) கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த கிரேக்க, உரோமைக் காசுகளைத் தொகுத்து ஆய்வு நூல்களாக வெளியிட்டார். அக்காசுகள் கரூரில் கிடைத்தவை என்ற குறிப்பே, பண்டைத் தமிழகத்தின் கடல் வணிகத்துக்கு அவற்றைச் சான்றாக ஆக்குகிறது.

மலாயாவிலிருந்தோ சைகோனிலிருந்தோ வந்த காசுகளுக்கும் இது பொருந்தும். கொண்டுவந்தவர் யார், எந்த ஆண்டில் திரும்பினார் என்பதை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிய வேண்டும். அக்குறிப்பு இன்றி நகைக்கடைக்குச் செல்லும் பியாஸ்தர், அங்கு 27 கிராம் வெள்ளியாகவே எடைபோடப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* நாணயவியல்
* புனித டேவிட் கோட்டை
* பரங்கிப்பேட்டை
* ஆற்காட்டு ரூபாய்