சத்திரம் (சேலம், நாமக்கல் சமவெளி)

சத்திரம் என்பது வழிப்போக்கர்க்கும் யாத்திரிகர்க்கும் ஆதரவற்றோர்க்கும் தங்க இடமும் பல ஊர்களில் உணவும் கட்டணமின்றி அளித்த அறநிலையம் ஆகும். வடமொழியில் நெடுநாள் வேள்வியைக் குறித்த 'சத்ர' என்னும் சொல், வேள்வியோடு சேர்ந்த அன்னதானத்தையும் சுட்டி, பின்னர் அது நடக்கும் கட்டடத்துக்கே பெயராயிற்று. சொல் பின்னரே வந்தது, வழக்கம் முன்பே இருந்தது. சோறு வடித்த கஞ்சி தெருவில் ஓடிய காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலையைப் பட்டினப்பாலை காட்டுகிறது. மணிமேகலை அமுதசுரபியால் பசி தீர்த்த இடம் உலக அறவி என்னும் பொது அம்பலம். சோழர் காலத்தில் இவ்வறத்துக்கு விடப்பட்ட நிலம் 'சாலாபோகம்' எனப்பட்டது. பிற்காலச் சத்திர மானியம் அதன் வழிவந்ததே.

ஊர்ப் பொது இடமான சாவடி, பெரும்பாலும் ஒரு சமூகத்தார்க்கு உரிய மடம் ஆகியவற்றினின்று சத்திரம் வேறானது. திருச்செங்கோட்டு வைகாசித் தேருக்கு வருவோரும், எடப்பாடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்போரும் மூவகை இடங்களிலும் தங்கினர்.

கிராமத்துச் சத்திரம் எளிய கட்டடம். பாதை பிரியும் இடத்தில், கிணற்றை ஒட்டி, தெருவைப் பார்த்த உயர்ந்த திண்ணையோடு அது அமைந்தது. உள்ளே நடுமுற்றம், அதைச் சுற்றிக் கருங்கல் தூண்கள் தாங்கிய ஆளோடி, பின்கட்டில் சமையற்கட்டு. சேலம், நாமக்கல் பகுதியில் கல் மலிவு ஆதலால் தூணும் படியும் கூரைப் பலகையும் கல்லாயின. சுவருக்குச் சுண்ணாம்போடு கடுக்காய்நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து பூசினர். விளக்குக்கு மாடக்குழி, வண்டி மாட்டுக்குக் கல்தொட்டி, தலைச்சுமையை இறக்க வாசலில் சுமைதாங்கி இருந்தன. திண்ணைக்கல்லில் பொழுதுபோக்காகக் கீறிய ஆடுபுலிக் கட்டம், அங்கே காத்திருந்தவர்கள் விட்டுச்சென்ற ஒரே பதிவு. பல சத்திரங்களில் அந்தணர்க்குத் தனிப்பந்தி உண்டு. தீண்டாமைக்கு ஆளானோர்க்குத் திண்ணையும் கிட்டவில்லை என்பதால், சத்திரம் அனைவர்க்கும் பொது என்னும் கூற்றை அளந்தே கொள்ளவேண்டும்.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து இந்நிலப்பகுதி கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) கைக்கு வந்தபின், சத்திர நிலங்கள் தர்மதாய இனாம்களாக, அதாவது அறத்துக்கு விடப்பட்ட மானியங்களாக, பதிவேறின. 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் இத்தகைய அறக்கட்டளைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1860-களின் தொடக்கத்தில் சேலத்துக்கு இரயில் வந்ததும் நெடுவழி நடைப்பயணம் குறைந்து, சத்திரத்தின் தேவையும் சுருங்கிற்று. 1876–78 பஞ்சத்தில் பசித்த கூட்டத்துக்கு மானியச் சோறு போதவில்லை. அரசின் கஞ்சித்தொட்டிகளே அவ்விடத்தை நிரப்பின. பின்னர்ப் பல சத்திரங்கள் உள்ளாட்சி வாரியங்களைச் சேர்ந்தன.

எஞ்சியவை பெரும்பாலும் இடிந்தன, அல்லது வேறு பயனுக்கு மாறின. சேலம் செவ்வாய்ப்பேட்டையை அடுத்த ஒரு பகுதிக்கு இன்றும் சத்திரம் என்றே பெயர்.