ஆறு சதவீதமும் நான்கு சதவீதமும்

1966 ஜூன் 29 அன்று கோத்தாரி கல்விக் கமிஷன் தன் அறிக்கையை மத்திய அரசிடம் ஒப்படைத்தது. தலைவர் இயற்பியல் பேராசிரியர் டி.எஸ். கோத்தாரி; உறுப்பினர் செயலர் ஜே.பி. நாயக். அந்தத் தடித்த அறிக்கையில் இன்றும் பேசப்படும் பரிந்துரை ஒன்று உண்டு: 1985-86க்குள் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்குப் போய்ச் சேர வேண்டும். 1968 கல்விக் கொள்கை அதை ஏற்றது. எட்டாவது ஐந்தாண்டுத் திட்டம் முதல் ஆறைத் தாண்டிவிடுவோம் என்றது 1986 கொள்கை. 2020 கொள்கையும் அதே ஆறைத்தான் இலக்காக வைக்கிறது. 2017-18இல் செலவானது 4.43 சதவீதம்தான் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

கமிஷன் அறிக்கை வந்த அதே ஆண்டில் சீனாவில் கலாச்சாரப் புரட்சி வெடித்தது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நின்றுபோனது. 1977 குளிர்காலத்தில் மறுபடி நடந்தபோது 57 லட்சம் பேர் எழுதினார்கள்; இடம் கிடைத்தது சுமார் 2.7 லட்சம் பேருக்கு. இந்தியாவிலோ 1961க்குள் ஐந்து ஐஐடிகள் வந்துவிட்டன. உயர்கல்வியில் யார் முந்தினார்கள் என்று கேட்டால், அன்று தயங்காமல் இந்தியா என்று சொல்லியிருக்கலாம்.

தொடக்கப் பள்ளியில் கதை வேறு. சீனாவின் கம்யூன்கள், அதாவது கிராமக் கூட்டுப் பண்ணைகள், தங்கள் கிராமத்து ஆசிரியர்களைத் தாங்களே அமர்த்திக்கொண்டன. வயலில் உழைத்தவருக்குப் போலவே அவர்களுக்கும் உழைப்புப் புள்ளிகள் எழுதப்பட்டன. அறுவடையில் பங்கு கிடைத்தது. அரசுக் கஜானாவிலிருந்து பெரிதாகப் பணம் போகாமலே வகுப்புகள் நடந்தன. இந்தியாவில் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் கல்வி ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் தொடக்கக் கல்விக்குப் போனது. மூன்றாவது திட்டத்தில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. பதினான்கு வயது வரை எல்லோருக்கும் இலவசக் கல்வி என்று அரசியல் சட்டம் கொடுத்த பத்தாண்டுக் கெடு சத்தமில்லாமல் கடந்துபோனது. 1980களின் தொடக்கத்தில் சீனாவில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு எழுத்தறிவு இருந்தது. இந்தியாவின் 1981 கணக்கெடுப்பு, ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், காட்டியது சுமார் 44 சதவீதம்.

ஆனால் சீனாவின் அந்த ஏற்பாடு கம்யூன்களோடு சரிந்தது. 1985இல் பள்ளிச் செலவு உள்ளூர் நிர்வாகங்களின் தலையில் விழுந்தது. ஏழைக் கிராமங்களில் விவசாயிகள் வரியும் கட்டிப் பள்ளிக் கட்டணமும் கட்டினார்கள். 1991இல் அன்ஹுய் மாகாணத்தின் ஜின்ஜாய் வட்டாரத்தில் ஷியே ஹாய்லாங் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் நாட்டையே உலுக்கியது: கையில் பென்சிலோடு, கலைந்த தலைமுடியோடு, பெரிய கண்களால் நிமிர்ந்து பார்க்கும் ஒரு சிறுமி. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிய ‘நம்பிக்கைத் திட்டத்தின்’ முகமாக அந்தப் படம் ஆனது. அரசு செய்ய வேண்டிய வேலைக்கு ஊர்கூடிப் பணம் போட வேண்டியிருந்தது என்பதுதான் அதன் பொருள்.

1993இல் சீனா தனக்கொரு இலக்கு வகுத்தது: 2000க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 சதவீதம். அதுவும் தவறியது. 2006 முதல் 2008க்குள் ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்விக்குக் கட்டணம் படிப்படியாக நீங்கியது. 2010இல், 2012 என்று புதுக் கெடு வைத்தபோது வருமானத்துக்கும் வழி சொன்னார்கள். கல்விக் கூடுதல் வரி வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் நீண்டது. உள்ளாட்சிகளின் கல்வி வரி நாடு முழுக்க 2 சதவீதமானது. அரசு நில விற்பனையின் நிகர வருவாயில் பத்தில் ஒரு பங்கு கல்விக்கென ஒதுக்கப்பட்டது. 2012இல் கணக்கு 4.28 சதவீதம்!

இந்தியாவும் 2004இல் 2 சதவீதக் கல்வி செஸ் போட்டது. ஆனால் செஸ் பணம் மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. பள்ளிச் செலவின் பெரும்பகுதியைச் சுமப்பவையோ மாநிலங்கள்தான். மூன்று கல்விக் கொள்கைகள் ஆறு என்று எழுதின. எந்த வரியிலிருந்து, யார் பங்கு எவ்வளவு என்று ஒன்றுகூட எழுதவில்லை. அடுத்த நிதிநிலை அறிக்கையிலாவது மத்திய அரசும் மாநிலங்களும் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட வேண்டும்.