பென்டன் பார்வா என்னும் ஊர்

மாதிரி ரயில் என்றதும் நம் மனத்தில் முதலில் எழுவது, சாவி கொடுத்தால் வட்டமடிக்கும் விளையாட்டுச் சாமானின் உருவம்தான். ஆனால் ஒரு கூடத்தையோ, சில இடங்களில் ஒரு கட்டடத்தின் பல தளங்களையோ நிறைத்துக்கொண்டு மலை, ஆறு, வயல், கல்லறைத் தோட்டம் என விரியும் பெருங்காட்சிகள் வேறு இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் முன் நிற்கையில் ரயில் வந்து கடந்து போகிறது. நம் கண்ணோ யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் உலரும் துணியில் நிலைத்துவிடுகிறது. இந்த ஈர்ப்பைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாம் இதை வரலாற்றெழுத்தின் ஒரு கிளையாகவே காண விரும்புகிறோம். அப்படிக் காணச் செய்தவர் ஓர் ஆஸ்திரேலியர்.

பெர்த் நகரைச் சேர்ந்த ராய் இங்லண்ட் 1925ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கு வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. (நாட்டின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட ஒருவர் அந்நாட்டின் கிராமத்தைக் காக்கப் புறப்பட்டார் என்று ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் நாம் நம்ப மறுத்திருப்போம்.) ரயில்மீது தீராக் காதல் கொண்டவர் அவர். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பெரும் தொழிற்கூடம் இருந்த ஸ்விண்டனுக்கு அருகே தங்கினார். ரயிலைப் பார்க்க வந்தவரைப் பிடித்துக்கொண்டது அப்பகுதியின் வெண்குதிரைப் பள்ளத்தாக்கு. சுண்ணாம்புக் குன்றின் சரிவில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட பேருருவக் குதிரையால் அப்பெயர் பெற்ற நிலம் அது. அங்கே வைக்கோல் வேய்ந்த பழங்குடில்கள் ஒவ்வொன்றாக இடிபடுவதையும் கூரை மாற்றப்படுவதையும் அவர் கண்டார். அதைத் தடுத்து நிறுத்துவது தனி மனிதரால் ஆகாத காரியம். ஆனால் அளந்து, குறித்து, சிறிதாக்கிச் செய்து வைக்கலாம் அல்லவா?

பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு அருகே லாங் விட்டனம் என்னும் சிற்றூரில் பழைய மதுக்கடையொன்றை அவர் வாங்கினார். 1954இல் அங்கே தோன்றியதுதான் பென்டன் அருங்காட்சியகம். அளவு விகிதம் 1:76. அதாவது ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். ஆறடி உயர மனிதர் அங்கே 24 மில்லிமீட்டர்தான். சுவர்கள் அட்டையால் ஆனவை. செங்கற்கள் ஒவ்வொன்றாகக் கோடிழுத்துத் தனித்தனியே வண்ணம் தீட்டப்பட்டவை. வைக்கோல் கூரைக்கு, குழாய் இணைப்புகளில் சுற்றும் சணல் நார். ஒரு குடிலுக்கு மாதக்கணக்கில் உழைப்பு செல்லும். எல்லாம் தொண்டர்களின் கைவேலை. 1995இல் ராய் இங்லண்ட் மறைந்த பின்னும் பணி ஓயவில்லை.

இதில் நம்மை வியக்கவைப்பது நுணுக்கம் மட்டுமன்று. பென்டன் பார்வா என்று அவர்கள் பெயரிட்ட அந்த ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் அதன் வீடுகள் பள்ளத்தாக்கின் வெவ்வேறு ஊர்களில் உண்மையாகவே நின்ற வீடுகள். ஊர் புனைவு, வீடு ஆவணம். நல்ல வரலாற்று நாவல் செய்வதும் இதைத்தானே! அரசர்களின் அரண்மனைக்கு வரைபடம் இருக்கும். கூலியாள் வீட்டுக் கதவின் அகலத்தை யார் எழுதி வைத்தார்கள்? அந்த இடைவெளியில்தான் இந்தக் கலை புகுந்துகொள்கிறது.

எனினும் ஒரு நெருடல் உண்டு. பென்டன் பார்வாவில் நிற்கும் காலம் 1920களும் 30களும். 1921இல் பிரிட்டிஷ் அரசு விளைபொருளுக்கான விலை உறுதியை விலக்கிக்கொண்டது. அத்துடன் வேளாண் கூலியும் சரிந்தது. ஆக, நம் கண்ணுக்கு அழகாகப் படும் அந்தக் கூரைகளில் பலவற்றின் கீழ் இருந்தது வறுமை. ஓட்டையில்லாத கூரைக்காகவே அங்கிருந்தவர்கள் வைக்கோலைக் களைந்திருப்பார்கள். ஈரமும் இருமலும் 1:76 அளவில் வருவதில்லை. இழப்பென்று ராய் இங்லண்ட் கண்டதை, அந்த வீட்டுப் பெண்மணி விடுதலை என்று கண்டிருக்கக்கூடும். அவர் செய்தது பொய்யென்று நாம் சொல்லவில்லை. அது ஒரு பக்கத்துச் சாட்சி.

அழுக்கைத் துணிந்து உள்ளே கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஜான் ஆலன். கலிபோர்னியாவின் மான்டரேயில் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் தரையிலிருந்து கூரைவரை மலைகளை எழுப்பியவர். பளபளக்கும் புதுப் பெட்டிகளுக்குத் துருவும் புகைக்கறையும் தீட்டி அவற்றை மூப்படையச் செய்யும் முறையைப் பரப்பியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. தம் ரயில்வேக்கு அவர் வைத்த பெயர் 'கோரி அண்ட் டிஃபீட்டட்'. குருதி தோய்ந்து தோற்றது என்று காதில் விழும் சிலேடை. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். இரண்டு வாரங்களுக்குள் அந்த வீட்டில் பற்றிய தீயில் அவ்வுலகம் ஏறக்குறைய முழுதும் அழிந்தது. அவர் தொழிலால் புகைப்படக்காரர் என்பதால், இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அவர் எடுத்த படங்களே. மாதிரியின் நிழல், அதுவே இப்போது மூலம்.

2001இல் பிரவுன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் ஹாம்பர்கில் தொடங்கிய மினியேச்சர் வுண்டர்லாண்ட் இவை எல்லாவற்றையும் விடப் பெரிது. 1:87 அளவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள், கால்மணிக்கு ஒருமுறை கவியும் இரவு, ஏறி இறங்கும் விமானங்கள். திருவிழாக் கூட்டம் அங்கே. நமக்கு முக்கியமாகப் படுவது ஒரு சிறிய வரிசை: பெர்லினின் ஒரே பகுதி, போர் முடிந்த காலம் தொடங்கிச் சுவர் வீழ்ந்தது வரை, அடுத்தடுத்த காட்சிகளாக வைக்கப்பட்டிருக்கிறது. அதாவது இங்கே காலம் நகர்கிறது. இந்தக் காட்சி அமைந்திருக்கும் கிடங்குப் பகுதியோ, 1880களில் இருபதாயிரம் பேர்வரை வெளியேற்றி, அவர்கள் வாழ்ந்த தெருக்களை இடித்துக் கட்டப்பட்டது. அவர்களுடைய வீடுகளை அளந்து வைக்க ஒரு ராய் இங்லண்ட் அன்று அங்கே இல்லை.

லாங் விட்டனத்துக்குச் சில மைல் தொலைவில் டிட்காட் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கியது. அதன் ஆறு குளிர்கோபுரங்களில் மூன்று 2014இலும் மீதி மூன்று 2019இலும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அருங்காட்சியகம் திறந்த பின் எழுந்து, அது பார்த்திருக்க மறைந்தவை அவை. அவற்றுக்காகவும் ஏங்குவோர் இருக்கிறார்கள். பென்டன் பார்வாவின் அடிவானத்தில் மட்டும் அவை இல்லை. அங்கே ஆண்டு 1930ஐ ஒட்டி நிற்கிறது, நீராவி எஞ்சின் வந்துகொண்டிருக்கிறது.