அமைச்சரும் செயலாளரும்: அரசாங்கத்தைப் பற்றிய நாடகங்களில் நடுநிலை

‘எஸ் மினிஸ்டர்’ என்னும் நகைச்சுவைத் தொடரின் முன்னோட்டப் பகுதியை பிபிசி 1979ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிட்டது. எனினும், அவ்வாண்டு மே மாதப் பொதுத்தேர்தல் முடியும்வரை அதனை ஒளிபரப்பத் துணியவில்லை. தேர்தலில் தலையிட்டதாகப் பழி வந்துவிடுமோ என்னும் அச்சமே காரணம். 1980 பிப்ரவரி 25ஆம் நாள் முதற்பகுதி ஒளியேறியபோது அவ்வச்சத்திற்கு இடமில்லை என்பது தெளிவாயிற்று. அமைச்சர் ஜிம் ஹாக்கர் எக்கட்சியைச் சார்ந்தவர் என்பது, ‘எஸ் பிரைம் மினிஸ்டர்’ என்னும் தொடர்ச்சியையும் சேர்த்து, 38 பகுதிகளிலும் கூறப்படவேயில்லை.

கட்சிப் பெயரை மறைத்ததே இத்தொடரின் நடுநிலைக்குக் காரணம் என்று பொதுவாகக் கூறுவர். நாம் அதனை முழுவதும் ஏற்பதற்கில்லை. இந்நாடகத்தின் மோதல் கட்சிக்கும் கட்சிக்கும் இடையே நிகழ்வதன்று. தேர்தலுக்குத் தேர்தல் மாறும் அமைச்சருக்கும், என்றும் மாறாத நிரந்தரச் செயலாளர் சர் ஹம்ப்ரிக்கும் இடையே நிகழ்வது. ஆட்சியில் எவர் அமர்ந்தாலும் இம்மோதல் நிகழும். ஆதலின் எக்கட்சியினரும் தம்மைப் புண்படுத்தியதாகக் கருதாது நகைக்க முடிந்தது. பிரதமர் மார்கரெட் தாட்சர் 1984இல் அந்நடிகர்களுடனேயே ஒரு சிறு காட்சியில் நடித்தார். அதே வேளையில், அதிகார வர்க்கம் தன் நலத்தையே பேணும் என்னும் கருத்து அக்காலத்தில் தாட்சர் தரப்பினருக்கு உவப்பானதாக இருந்தது என்பதையும் மறத்தலாகாது. கட்சிச் சார்பின்மை வேறு. கருத்துச் சார்பின்மை வேறு.

இந்தியாவில் 2001ஆம் ஆண்டு ஸ்டார் பிளஸ் இதனைத் தழுவி ‘ஜி மந்த்ரிஜி’ என்னும் இந்தித் தொடரை வழங்கியது. அமைச்சராக ஃபரூக் ஷேக் நடித்தார். கதை எளிதில் பெயர்ந்தமைக்குக் காரணம், ஆங்கிலேயர் விட்டுச்சென்ற ஆட்சிப்பணி அமைப்பே.

தமிழில் நிலைமை வேறாக இருந்தது. 1968இல் மேடையேறிய சோவின் ‘முகமது பின் துக்ளக்’ ஆட்சியையே பொருளாகக் கொண்ட நாடகம். பதினான்காம் நூற்றாண்டுக் கல்லறையிலிருந்து துக்ளக்கும் இபின் பதூதாவும் உயிருடன் எழுந்து வந்ததாக இருவர் நாடகமாடுகின்றனர். அவர்களுள் ஒருவன் தேர்தலில் வென்று பிரதமராகிறான். தன்னை ஆதரிக்கும் உறுப்பினர் அனைவரையும் துணைப் பிரதமர் ஆக்குகிறான். பாரசீகத்தை ஆட்சிமொழியாக்கிச் சிக்கலைத் ‘தீர்க்கிறான்’. இதில் அடிபடுவோர் கட்சி மாறுவோர், ஏமாறும் வாக்காளர், மொழியை ஆயுதமாக்குவோர் என அனைவருமே. ஆயினும், 1965ஆம் ஆண்டின் மொழிப் போராட்டமும் 1967இன் ஆட்சி மாற்றமும் நினைவில் பசுமையாயிருந்த தமிழகத்தில் அது தி.மு.க.வுக்கு எதிரான நாடகமாகவே கொள்ளப்பட்டது. சோவே 1970இல் ‘துக்ளக்’ என்னும் பெயரில் அரசியல் இதழ் தொடங்கியபின் வேறு வாசிப்புக்கு வழி ஏது? நாடகம் 1971 மார்ச்சில் திரைப்படமாக வெளிவந்தது. அம்மாதத் தேர்தலில் தி.மு.க. 234 இடங்களில் 184ஐ வென்றது. நகைப்பதும் வாக்களிப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதை மக்கள் அறிந்திருந்தனர் போலும்.

‘துக்ளக்’கின் ஈர்ப்பு அவன் ஒருவனிடமே குவிந்திருப்பதை நாம் காண்கிறோம். அவனுக்கு ஈடுகொடுத்து நிற்கும் ஒரு செயலாளர் அங்கு இல்லை. தலைவனைப் பேசும் நாடகம் எத்தலைவன் என்னும் வினாவை எழுப்பியே தீரும்; அலுவலகத்தைப் பேசும் நாடகம் அதிலிருந்து ஓரளவு தப்பிக்கும்.

சிங்கப்பூரும் நிரந்தரச் செயலாளர் முறையை மரபாகப் பெற்ற நாடுதான். இங்கு அரசியலை நாடகமாக்கிய முன்னோடி ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம், இதழாளராக இருந்த காலத்தில், 1957இல் மலாயா வானொலிக்கென ஆறு பகுதிகளில் ஒரு நாடகத்தை ஆங்கிலத்தில் எழுதினார். மலாயா ஒரு தேசமாக இயலுமா என்று பல குரல்கள் அதில் வாதிடுகின்றன. எதிர்வாதத்திற்கு உரிய இடம் தந்தே அவர் தம் கருத்தை நிறுவ முயன்றார். அவரே பண்பாட்டு அமைச்சராகி, 1963 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியைத் தொடக்கிவைத்தார். தமிழ் வானொலியோ அமைச்சரவைக்குள் நுழையாமல் வீட்டு வாசலிலிருந்து ஆட்சியை நோக்கியது. அடுக்குமாடி வாழ்வுக்குப் பழகும் தமிழ்க் குடும்பத்தைப் புதுமைதாசனின் ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ நகைச்சுவையுடன் காட்டியது.

சில ஆண்டுகளுக்கு முன் தெம்பனிஸில் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலரிடம், அமைச்சரும் செயலாளரும் உரையாடும் காட்சியொன்றைத் தமிழில் எழுதச் சொன்னோம். மின்தூக்கி பழுது, நடைபாதைக் கூரை என அவர்களுக்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. அமைச்சரை எளிதாகப் பேசவைத்தனர். தமிழ்த் திரைப்படம் கற்றுத்தந்த மேடைத்தமிழ் கைகொடுத்தது. செயலாளரின் முறை வந்தபோது பேனா நின்றது. மறுத்துக்கொண்டே உடன்படுவதுபோல் பேசும் அந்தத் தமிழை அவர்கள் எங்கும் கேட்டதில்லை. கடைசியில் ஒரு மாணவி, மின்தூக்கியின் அருகே நான்கு மொழிகளில் ஒட்டப்படும் அறிவிப்பின் நடையில் அவரைப் பேசவைத்தாள். வகுப்பே சிரித்தது.