சுக்கு சுற்றி வந்த உலகம்

டிசம்பர் பிறந்தால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பலகார வேலை களைகட்டிவிடும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவார்கள். அச்சு முறுக்கு அச்சைப் பரணிலிருந்து இறக்கி எண்ணெயில் ஊறப்போடுவார்கள். சில வீடுகளில் பிள்ளைகளின் ஆசைக்காக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: மனித உருவில் வெட்டிச் சுட்டு, சர்க்கரைக் குழம்பால் கண்ணும் பொத்தானும் வைத்த ஜிஞ்சர்பிரெட் பிஸ்கட். இதை மேல்நாட்டுச் சரக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது நடந்து வந்த வழியைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

காட்டில் தானாக முளைத்த இஞ்சியை யாரும் கண்டதில்லை. மனிதர்கள் கிழங்கைப் பிட்டு நட்டு நட்டுத்தான் அது ஆசியா முழுக்கப் பரவியது. மதுரைக்காஞ்சியின் மலைவளத்தில் இஞ்சியும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஈர இஞ்சி சீக்கிரம் அழுகிவிடும். காய்ந்து சுக்கானால் மாதக்கணக்கில் தாங்கும். காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற பொருளில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுவதால் காரமும் ஏறும். கெடாத தன்மையும் ஏறிய காரமும் சேர்ந்து சுக்கைக் கப்பல் சரக்காக்கின.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் ஒரு ராத்தல் சுக்கு 6 தினாரியஸ், கருமிளகு 4 தினாரியஸ் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். இஞ்சி விளைவது அரேபியாவில் என்று அவர் நம்பினார். இடையில் இருந்த வணிகர்களின் கைகளைத் தாண்டி, அது பிறந்த இடம் அவருக்குத் தெரியவில்லை. அதே காலத்தில் விழுப்புரத்துக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், அரிக்கமேட்டுத் துறையில் ரோமானிய மதுச்சாடிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

இடைக்கால ஐரோப்பாவில் சுக்கு, பட்டை, கிராம்பு எல்லாம் பணக்காரச் சரக்கு. அவற்றைத் தேனோடும் மாவோடும் பிசைந்து மர அச்சில் அழுத்தி ஜிஞ்சர்பிரெட்டாகச் சுட்டார்கள். போலந்தின் தோருன் நகரமும் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கும் இதில் பேர்போனவை. நியூரம்பெர்க்கில் 1643இல் இந்த ரொட்டி சுடுபவர்களுக்கென்றே தனிச் சங்கம் அமைந்தது. இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் விருந்தாளிகளின் உருவத்திலேயே ரொட்டி சுடச் சொன்னதாக ஒரு கதை உண்டு. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதையில் காட்டுக்குள் ரொட்டி வீடு ஒன்று வந்தது. பிறகு அந்த வீடும் கிறிஸ்துமஸ் பலகாரமாகிவிட்டது.

தேனின் இடத்துக்குக் கரும்பு வந்தது தனிக் கதை. கரும்புச் சாற்றைச் சர்க்கரையாக்கும் கலை இந்தியாவில் பிறந்து, பாரசீகம், அரபு நாடுகள் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போனது. அங்கிருந்து கரும்பைக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுபோனவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துவந்து அடிமைகளாக அந்தத் தோட்டங்களில் உழைக்கவைத்தார்கள். ஸ்பானியர்கள் இஞ்சியையும் அங்கே நட்டார்கள். சர்க்கரை ஆலையில் மிஞ்சிய கரும்பாகு மலிவாகக் கிடைத்ததால் இங்கிலாந்தின் ஜிஞ்சர்பிரெட் கறுத்து, ஏழை வீட்டுக்கும் எட்டியது. அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர்கள் அடிமைகள். இதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

இஞ்சி விளையும் மலபாருக்கே மேல்நாட்டு அடுமனை வந்து சேர்ந்தது. 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு கிறிஸ்துமஸ் கேக் சுட்ட கதை பிரபலம். நம் பக்கம் 1853இல் அமெரிக்க ஆற்காடு மிஷன் உருவானது. அந்த மிஷனின் தாய்ச்சபை டச்சு வழியில் வந்தது. டச்சு வீடுகளில் டிசம்பர் 5 மாலை, புனித நிக்கோலஸ் திருநாளை ஒட்டி, மர அச்சில் அழுத்திச் சுட்ட மசாலா பிஸ்கட் சாப்பிடுவது பழைய வழக்கம்.

இனி அடுப்படிக்கு வருவோம். ஜிஞ்சர்பிரெட்டுக்கு மேல்நாட்டார் தேடும் கரும்பாகின் மணம் நம் வெல்லத்திலேயே இருக்கிறது. ஏனென்றால் வெல்லம் காய்ச்சும்போது பாகைப் பிரித்தெடுப்பதில்லை. விழுப்புரம் கரும்பு விளையும் மாவட்டம். ஹைட்ரோஸ் போட்டு வெளுக்க வைத்த மஞ்சள் வெல்லத்தை விட்டு, கறுத்த வெல்லமாகக் கேட்டு வாங்குங்கள். 150 கிராம் வெல்லத்தை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். 100 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா, இரண்டு தேக்கரண்டி சுக்குத்தூள், ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள், சிட்டிகை கிராம்பு, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்துப் பிசையுங்கள். மாவை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் வெட்டிய உருவம் அடுப்பில் இளகிப் பரவாது. அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டி, 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் சுட வேண்டும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால் மொறுமொறுப்பு வரும்.

நன்றாக ஆறிய பிறகே அலங்காரம். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் சுமார் 200 கிராம் ஐசிங் சர்க்கரை சேர்த்து அடித்து, பட்டர் பேப்பர் கூம்பில் நிரப்பி நுனியை ஊசி முனையளவு வெட்டுங்கள். முதலில் கெட்டிக் குழம்பால் கரை கட்டி, பிறகு தளர்த்திய குழம்பை உள்ளே ஓடவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் காற்றில் இருப்பதால் ஐசிங் காய நேரமெடுக்கும். "அக்கா, இன்னும் காயலையே" என்று பிள்ளைகள் தொட்டுப் பார்த்தால் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள்.

போன ஊரிலெல்லாம் இந்தப் பலகாரம் அந்த ஊரின் உருவத்தை எடுத்துக்கொண்டது: அரசரின் முகம், குதிரைவீரன், பனி மூடிய கூரை. நம் ஊரில் பனை மரமும் மாட்டு வண்டியும் பங்குக் கோவிலும் வெட்டலாம். வீடு கட்ட ஆசைப்பட்டால், அடுக்கடுக்காக உயரும் செஞ்சிக் கோட்டைக் கல்யாண மகாலைவிட அழகான மாதிரி எங்கே கிடைக்கும்? நம் சுக்கையும் நம் வெல்லத்தையும் போட்டு, நம் ஊரையே உருவமாக்கிச் சுட்டுப் பக்கத்து வீட்டுக்குத் தட்டில் கொடுத்தனுப்புங்கள். அதிரசத்துக்கும் அச்சு முறுக்குக்கும் நடுவில் இதற்கும் உரிமையோடு ஓர் இடம் உண்டு.