மின்பணியாளர் பயிற்சியும் மாவட்ட மொழியும்

உயர் மின்னழுத்தக் கருவிகளிடையே பணிபுரிவோர்க்குப் பாதுகாப்பு முறைகளைப் பயிற்றுதல் பொறியியலார்க்கே உரியது என்று தமிழாராய்வோர் ஒதுங்கிவிடுதல் வழக்கம். ஆயின் அப்பயிற்சியின் வரலாற்றில் மொழிக்குரிய பங்கு சிறிதன்று. சட்டமே அதனை எழுதி வைத்துள்ளது.

தமிழகத்தில் பைக்காரா மின்னிலையம் 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் இயங்கத் தொடங்கின. கம்பிப்பாதைகள் ஆலைகளையும் சிற்றூர்களையும் எட்டின. அவற்றைக் காக்கக் கம்பம் ஏறியோரிற் பலர் ஆங்கிலம் அறியாதவர். கட்டளைகளோ ஆங்கிலத்தில் இருந்தன. மூத்த பணியாளர் வாய்மொழியாகச் சொல்ல, இளையவர் கண்டு பழகுவதே பயிற்சியாயிற்று.

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் இந்நிலையை நோக்கியே இயற்றப்பட்டனபோலும். அவற்றின் 35ஆம் விதி, நடுத்தர, உயர், மிக உயர் அழுத்த அமைப்புகளில் மண்டையோடும் எலும்பும் வரைந்த அபாய அறிவிப்பினை, இந்தி அல்லது ஆங்கிலத்தோடு மாவட்ட மொழியிலும் நிலையாகப் பொருத்துமாறு பணித்தது. 44ஆம் விதி இதனினும் ஆழமுடையது. மின்னதிர்ச்சியுற்றாரை உயிர்ப்பிக்கும் முறையை மாவட்ட மொழியிலும் எழுதித் தொங்கவிடுக என்றதோடு அது நின்றிலது. அதிகாரம் பெற்ற பணியாளர் அம்முறையை அறிந்திருப்பதையும், செய்துகாட்ட வல்லராயிருப்பதையும் உரிமையாளரே உறுதிசெய்தல் வேண்டும் என்றது. அறிதல் வேறு, வல்லராதல் வேறு. எழுத்து பயிற்சிக்குத் துணையேயன்றி ஈடன்று என்பதனை விதி வகுத்தோர் நன்குணர்ந்திருந்தனர்.

அப்பலகையில் எழுதற்குரிய செய்தியும் மாறிக்கொண்டே வந்தது. ஷேஃபர் 1903இல் வகுத்த முறையில், அதிர்ச்சியுற்றவரைக் குப்புறக் கிடத்தி முதுகின் கீழ்ப்புறத்தை அழுத்துவர். 1932இல் வெளிவந்த ஹோல்கர் நீல்சன் முறையும் குப்புறக் கிடத்துவதே. 1950களில் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறை மேம்பட்டது என்று நிறுவப்பட்டது. 1960இல் கூவன்ஹோவனும் அவர்தம் துணைவர் இருவரும் மார்பின்மீது அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை வெளியிட்டனர். கூவன்ஹோவன் மருத்துவரல்லர், மின்பொறியாளர் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. மின்தாக்குதலால் இதயம் ஒழுங்கிழந்து துடித்தலை அவர் நெடுங்காலம் ஆராய்ந்தவர். இப்புது முறைகட்கு அதிர்ச்சியுற்றவரை மல்லாக்கக் கிடத்தல் வேண்டும். முன்னர்க் குப்புற என்றிருந்த சொல், பின்னர் மல்லாக்க என மாற வேண்டியதாயிற்று. இவ்வொரு சொல்லைத் திருத்தாத பழம்பலகை, பலகை இல்லாமையினும் கேடு பயப்பது.

இனி, கம்பத்தின் அடியில் வழங்கும் மொழியை நோக்குவாம். கம்பியைத் தொடுமுன், அதில் எஞ்சிய மின்னேற்றத்தை நிலத்திற்குப் போக்கிவிடுதல் வேண்டும் என்பது 36ஆம் விதியின் கருத்து. விசையை நிறுத்திய பின்னரும் அருகிலோடும் கம்பியின் தூண்டலாலோ, எங்கோ ஓர் ஆலையின் மின்னாக்கி பின்னின்று ஊட்டுவதாலோ, இடியாலோ அக்கம்பி உயிர்பெறலாம். ஆகவே எர்த்துக் கம்பியின் ஒரு முனையை முதலில் நிலத்தோடு பிணைத்து, அதன் பின்னரே மறுமுனையை மின்கம்பியில் மாட்டுவர். அகற்றுங்கால் இம்முறை தலைகீழாகும். வரிசை பிறழின் கையே நிலத்திற்கு வழியாகிவிடும்.

இச்செயலைப் பணியாளர் எர்த்துப் போடுதல் என்பர். நிலவிணைப்பு, புவியிணைப்பு என்பன நூலோர் ஆக்கங்கள். இவை பொருந்தாச் சொற்கள் அல்ல. எனினும் ஓடும் நொடியில் கம்பத்தின் மேலிருப்பவர் கேட்டு இயங்குவது எர்த்து என்னும் சொல்லுக்கே. பயிற்சிநூல் எழுதுவார் இரண்டையும் அருகருகே வைத்தல் நன்று. தூய்மை கருதிப் பின்னதை விலக்குவாருடன் யாம் உடன்படுதற்கில்லை.

லைன் கிளியர் என்னும் சொல் இதனினும் சுவையுடையது. இரயில்வேயில் அது வண்டி வரலாம் என்னும் இசைவு. மின்துறையிலோ, மின்சாரம் வராது, கம்பியில் வேலை செய்யலாம் என்னும் இசைவு. ஒன்று வருகைக்கு வழிவிடுகிறது, மற்றொன்று வருகையைத் தடுக்கிறது. பெற்றவரே திருப்பி ஒப்படைக்கும் வரை விசையை எவரும் இயக்கலாகாது. பயிற்சியிற் பெரும்பகுதி இவ்வொழுங்கைக் காத்தலேயாம். உயர் அழுத்தம் என்னும் வழக்கும் வரலாறுடையதே. ஆங்கிலேயப் பொறியாளர் முன்னாளில் வோல்டேஜைப் பிரஷர் என்றே வழங்கினர். அவர் கைவிட்ட உருவகத்தைத் தமிழ் மின்னழுத்தம் என இன்றும் போற்றுகிறது.

1956ஆம் ஆண்டு விதிகளின் இடத்தை 2010இல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும், அவற்றின் இடத்தை 2023இல் புதிய ஒழுங்குமுறைகளும் பெற்றன. மின்னிலையங்களிலும் மின்பாதைகளிலும் பணிபுரிவோர்க்குரிய பயிற்சி 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலேயே தனியே வகுத்துரைக்கப்பட்டது. மாவட்ட மொழிப் பலகையும் அவற்றுள் தொடர்ந்தது. அப்பலகைகளின் தமிழ் வாசகங்களைத் துணைமின்நிலையந்தோறும் தொகுத்து, அவற்றுள் குப்புற என்பது எத்தனை, மல்லாக்க என்பது எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் பணி முதுகலை மாணவர் மேற்கொள்ளற்பாலது.