சிக்கனத்தில் பிறந்த வானொலி



இலங்கை வானொலி சிக்கனத்தில் பிறந்தது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர் 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து இசைத்தட்டுகளைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டே ஒலிபரப்புக் கருவி அமைக்கப்பட்டது. 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. பழம்பொருளுக்கு உயிரளித்தது பணமன்று; அறிவே.

இப்பாடம் யட்டவத்த போன்ற மாத்தளை மலைக் கிராமங்களுக்கு இன்றும் உரியது. 2004 டிசம்பர் 26இல் கடல்கோள் நிகழ்ந்து தொலைபேசிகள் ஓய்ந்தபோது, அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தோர் பொழுதுபோக்கு வானொலியாளர். அவர்களுக்கு உதவியது நெடுந்தொலைவு செல்லும் சிற்றலை. கைக்கருவியின் அலையையோ மலை மறிக்கும். ஆதலின் கேட்டதை உடனே திருப்பியுரைக்கும் ரிப்பீட்டர் மலையுச்சியில் வேண்டும்.

அது ஒரே ஏரியலால் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். தன் குரலால் தன் செவி அடைபடாமல் காப்பது டூப்ளெக்சர். 145 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் இரு அலைவரிசைகளுக்கிடையே வழக்கமாக 600 கிலோஹேர்ட்ஸே உண்டு, அவற்றைப் பிரிக்க அரை மீற்றரளவு உயர்ந்த உலோகக் குழல்கள் பல தேவை, விலையும் மிகும். 430 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் இடைவெளியைப் பெருக்கலாம். சிறு பெட்டியே போதும்.

பழைய டூப்ளெக்சரை வாங்குவோர், அது நமது அலைவரிசைக்கு இசையுமா, நமது வலுவைத் தாங்குமா என்பதை முதலில் வினவுக; விலையைப் பின்னர் வினவுக. அளந்தறியாத மலிவு, ஆபத்து வேளையில் ஊமையாகிவிடும். ஹாப்பர் காலத்துச் சிக்கனம் அளந்தறிந்த சிக்கனம்.